தனிம வரிசை அட்டவணையை நீங்களே அடுக்கிப் பாருங்கள்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தனிம வரிசை அட்டவணையை நம்மில் பலர் சுவரில் மாட்டிய படமாகத்தான் பார்த்திருப்போம். 118 கட்டங்கள், ஏழெட்டு நிறங்கள், கீழே ஒட்டாமல் தனியாகக் கிடக்கும் இரண்டு வரிசைகள். முதல் இருபது தனிமங்களை ஒப்பிக்கச் சொல்வார்கள், ஒப்பித்துவிடுவோம். ஆனால் சோடியம் ஏன் லித்தியத்துக்குக் கீழே இருக்கிறது, ஏன் பக்கத்தில் இல்லை என்று யாராவது கேட்டால் விழிப்போம்.

அதனால் இங்கே வேறு வழி. படத்தை மூடி வைத்துவிடுங்கள். 1860களில் இருந்த வேதியியலாளர்களுக்கு என்ன தெரியுமோ அதை மட்டும் வைத்துக்கொண்டு அட்டவணையை நீங்களே அடுக்குங்கள். ஒரு மாலைப் பொழுது போதும். தாள், கத்தரிக்கோல், பென்சில், அழிப்பான் வேண்டும். அழிப்பான் கட்டாயம் தேவைப்படும்.

சொற்கள் பற்றி ஒரு வார்த்தை: தமிழ்நாட்டுப் பாடநூல்களில் படுக்கை வரிசைக்குத் தொடர் என்றும் செங்குத்து வரிசைக்குத் தொகுதி என்றும் பெயர். இலங்கையில் படித்தவர்கள் ஆவர்த்தனம், கூட்டம் என்று சொல்வார்கள். இந்தக் கட்டுரையில் தொடர், தொகுதி என்றே எழுதுகிறேன்.

படி 1: பதினாறு சீட்டுகள்

தாளைப் பதினாறு சீட்டுகளாக வெட்டுங்கள். ஒவ்வொன்றிலும் மூன்று விஷயங்கள்: தனிமத்தின் பெயர், அணு நிறை, இணைதிறன். இணைதிறன் என்பது அந்தத் தனிமத்தின் ஓர் அணு எத்தனை ஹைட்ரஜன் அணுக்களோடு, அல்லது எத்தனை குளோரின் அணுக்களோடு சேரும் என்ற எண்ணிக்கை. தண்ணீரில் ஓர் ஆக்சிஜனுக்கு இரண்டு ஹைட்ரஜன், ஆக அதன் இணைதிறன் 2. சமையல் உப்பில் ஒரு சோடியத்துக்கு ஒரு குளோரின், ஆக 1.

சீட்டில் எழுத வேண்டியவை (முதல் எண் நிறை, இரண்டாவது இணைதிறன்):

லித்தியம் 7, 1
பெரிலியம் 9, 2
போரான் 11, 3
கார்பன் 12, 4
நைட்ரஜன் 14, 3
ஆக்சிஜன் 16, 2
ஃப்ளூரின் 19, 1
சோடியம் 23, 1
மக்னீசியம் 24, 2
அலுமினியம் 27, 3
சிலிக்கான் 28, 4
பாஸ்பரஸ் 31, 3
கந்தகம் 32, 2
குளோரின் 35.5, 1
பொட்டாசியம் 39, 1
கால்சியம் 40, 2

ஹைட்ரஜனை விட்டுவிட்டேன். அது எந்தத் தொகுதியிலும் சரியாக உட்காராது, இன்றைக்கும் அப்படித்தான். முதல் தொகுதியின் தலையில் அதை வைப்பது ஒரு வசதிக்காக.

இந்த நிறைகளை நான் சுலபமாக எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆனால் 1860 வரை இதிலேயே பெரிய குழப்பம். ஆக்சிஜனின் நிறை 8 என்று ஒரு சாரார், 16 என்று இன்னொரு சாரார். தண்ணீரில் ஹைட்ரஜன் ஒன்றா இரண்டா என்பதிலேயே ஒத்த கருத்து இல்லை. அந்த ஆண்டு ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகரில் வேதியியலாளர்கள் கூடினார்கள். இத்தாலியைச் சேர்ந்த கன்னிஸ்ஸாரோ, அணு நிறையை எப்படிச் சரியாகக் கணக்கிடுவது என்று அங்கே வாதாடினார். அவருடைய சிறு நூலும் வந்திருந்தவர்களுக்குக் கொடுக்கப்பட்டது. கூட்டத்துக்கு வந்திருந்த இளைஞர்களில் இரண்டு பேர் திமித்ரி மெண்டலீஃப், லோதர் மேயர். அடுத்த பத்து வருடங்களில் ஆளுக்கொரு அட்டவணை போட்டவர்கள் இவர்கள்தான். நிறை தப்பாக இருந்தால் எவ்வளவு கெட்டிக்காரராலும் அடுக்க முடியாது.

படி 2: வரிசையில் வைத்து இணைதிறனைப் படியுங்கள்

சீட்டுகளை நிறை ஏறும் வரிசையில் இடமிருந்து வலமாக ஒரே கோடாக வையுங்கள். இப்போது பெயர்களை மறந்துவிட்டு இணைதிறனை மட்டும் சத்தமாகப் படியுங்கள்.

1, 2, 3, 4, 3, 2, 1, 1, 2, 3, 4, 3, 2, 1, 1, 2.

ஏறி இறங்குகிறது, மறுபடி ஏறி இறங்குகிறது. யாரும் திட்டமிட்டு வைத்ததில்லை. நிறையை மட்டும் பார்த்து அடுக்கினோம், இணைதிறன் தானாகவே ஒரு சுற்றுக்கு வந்துவிட்டது. அட்டவணையின் மொத்த ரகசியமும் இந்த ஒரு வரியில் இருக்கிறது. இதற்கு மேல் வருவதெல்லாம் சில்லறைத் திருத்தங்கள் என்றுகூடச் சொல்வேன்.

சோடியத்துக்கு முன்னால் ஒரு வெட்டு, பொட்டாசியத்துக்கு முன்னால் ஒரு வெட்டு. வெட்டிய துண்டுகளை ஒன்றின் கீழ் ஒன்றாக வையுங்கள். லித்தியம், சோடியம், பொட்டாசியம் ஒரே தூணில் வந்து நிற்கும். மூன்றும் கத்தியால் வெட்டக்கூடிய மென்மையான உலோகங்கள், தண்ணீரில் போட்டால் பொங்கிக் காரக் கரைசல் தருபவை. ஜெர்மானியரான டாபரீனர் 1829லேயே இந்த மூன்றையும் ஒரு கூட்டாகப் பார்த்திருக்கிறார். லித்தியத்தின் 7ஐயும் பொட்டாசியத்தின் 39ஐயும் கூட்டிப் பாதியாக்குங்கள்: 23. நடுவில் இருக்கும் சோடியத்தின் நிறை அதுவே. இப்படிச் சில மும்மைகளை அவர் கண்டுபிடித்தார். எல்லாத் தனிமங்களுக்கும் இதை நீட்ட முடியவில்லை.

இந்தச் சுற்றைத் தெளிவாகச் சொன்னவர் லண்டனைச் சேர்ந்த ஜான் நியூலண்ட்ஸ், 1865ல். எந்தத் தனிமத்தில் தொடங்கினாலும் எட்டாவது தனிமம் அதைப்போலவே இருக்கிறது என்றார். ஸ ரி க ம ப த நி முடிந்து மறுபடி ஸ வருவது போல. எண்ம விதி என்று பெயரும் வைத்தார். 1866ல் வேதியியல் சங்கத்தில் இதைப் படித்தபோது, தனிமங்களை அகர வரிசையில் அடுக்கிப் பார்த்தீர்களா என்று ஒருவர் கேலியாகக் கேட்டார். கேலி அநியாயம்தான். ஆனாலும் நியூலண்ட்ஸ் பக்கம் ஒரு பலவீனம் இருந்தது, அது அடுத்த படியில் தெரியும்.

படி 3: இடம் விடப் பழகுங்கள்

இதுதான் நிதானமாகச் செய்ய வேண்டிய படி. கால்சியம் வரை எட்டு எட்டாக அழகாகப் போனது. அதற்கப்புறம் கெட்டுப்போகிறது.

அந்தக் காலத்தில் கால்சியத்துக்கு அடுத்துத் தெரிந்திருந்த தனிமம் டைட்டானியம். நிறை 48, இணைதிறன் 4. வரிசைப்படி கால்சியத்தின் பக்கத்தில், அதாவது அலுமினியத்தின் கீழே வைத்தால் 3 இருக்க வேண்டிய தூணில் 4 வந்து நிற்கும். நியூலண்ட்ஸ் இடம் விடவில்லை. எல்லாத் தனிமங்களையும் அடுத்தடுத்து நெருக்கினார். அதனால் கோபால்ட்டும் நிக்கலும் ஒரே கட்டத்தில் திணிக்கப்பட்டு, ஃப்ளூரின், குளோரின் இருக்கும் தூணில் போய் நின்றன. இரும்பு ஆக்சிஜனோடு ஒரே குடும்பமாகிவிட்டது.

மெண்டலீஃப் வேறு மாதிரி யோசித்தார். டைட்டானியத்தை ஒரு கட்டம் தள்ளி, சிலிக்கானின் கீழே வையுங்கள். அலுமினியத்தின் கீழே ஒரு வெற்றுச் சீட்டை வைத்துக் கேள்விக்குறி போடுங்கள். இன்னும் யாரும் பார்க்காத ஒரு தனிமம் அங்கே வரும் என்று அர்த்தம். நிறை 40க்கும் 48க்கும் நடுவே எங்காவது இருக்கும்.

அவர் இதைச் செய்தது 1869ல், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்கான பாடநூல் எழுதிக்கொண்டிருந்தபோது. தனிமங்களை எந்த வரிசையில் விளக்குவது என்ற நடைமுறைச் சிக்கல்தான் அவரை இதற்குள் இழுத்தது. பாலாடைக்கட்டிப் பண்ணைகளைப் பார்வையிடுவது பற்றி வந்த ஒரு கடிதத்தின் பின்பக்கத்தில் அவர் கிறுக்கிய முதல் கணக்குகள் இன்றும் இருக்கின்றன. அப்போது தெரிந்திருந்த தனிமங்கள் 63.

இன்னும் ஐந்து சீட்டுகள் எழுதுங்கள்: துத்தநாகம் 65, 2. ஆர்சனிக் 75, 3. செலீனியம் 79, 2. புரோமின் 80, 1. வெள்ளீயம் 119, 4. இடையில் வரும் இரும்பு, செம்பு போன்ற உலோகங்களை இப்போதைக்கு விட்டுவிடுவோம். டைட்டானியம் நிற்கும் வரிசைக்குக் கீழே ஒரு புது வரிசை தொடங்கி, புரோமினைக் குளோரினின் தூணில் வையுங்கள், செலீனியத்தைக் கந்தகத்தின் தூணில், ஆர்சனிக்கைப் பாஸ்பரஸின் தூணில். துத்தநாகம் 2க்கு உரியது. அப்படியானால் துத்தநாகத்துக்கும் ஆர்சனிக்குக்கும் நடுவே இணைதிறன் 3 உள்ள ஒன்றும் 4 உள்ள ஒன்றும் காணவில்லை. இரண்டு வெற்றுச் சீட்டுகள் வையுங்கள்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. இவற்றில் சிலிக்கானின் தூணில், இணைதிறன் 4க்கு வைத்த வெற்றுச் சீட்டின் அண்டைவீட்டுக்காரர்கள் யார்? மேலே (டைட்டானியம் தாண்டி) சிலிக்கான் 28, கீழே வெள்ளீயம் 119, இடப்பக்கம் (ஒரு வெற்றிடம் தாண்டி) துத்தநாகம் 65, வலப்பக்கம் ஆர்சனிக் 75. நான்கையும் கூட்டி நான்கால் வகுத்தால் கிட்டத்தட்ட 72. மெண்டலீஃபும் இந்த மாதிரி அக்கம்பக்கத்தை வைத்தே கணித்தார், 72 என்றே எழுதினார். எகா-சிலிக்கான் என்று பெயரும் வைத்தார். அந்த 'எகா' நம் 'ஏக' தான், சமஸ்கிருதத்திலிருந்து எடுத்தது. 1886ல் ஜெர்மனியில் கிளெமன்ஸ் விங்க்ளர் ஜெர்மானியத்தைக் கண்டுபிடித்தார். நிறை 72.6. அதன் ஆக்சைடின் அடர்த்தி 4.7 என்று மெண்டலீஃப் சொல்லியிருந்தார், அளந்தபோதும் 4.7.

அதைவிட ருசியான கதை, அதற்கு இடப்பக்கத்தில் அலுமினியத்தின் தூணில், இணைதிறன் 3க்கு வைத்த வெற்றுச் சீட்டினுடையது. 1875ல் பிரான்சில் லெகோக் த புவாபோத்ரான் ஒரு துத்தநாகத் தாதுவில் கேலியத்தைக் கண்டுபிடித்து, அடர்த்தி 4.7 என்று வெளியிட்டார். தனிமத்தைக் கண்ணால்கூடப் பார்த்திராத மெண்டலீஃப், அது 5.9க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று எழுதினார். கண்டுபிடித்தவருக்கு எப்படி இருந்திருக்கும்! ஆனாலும் அவர் மாதிரியை நன்றாகத் தூய்மைப்படுத்தி மறுபடி அளந்தார். 5.9 வந்தது. (கேலியம் சுமார் 30 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். மே மாதச் சென்னையில் மேசை மேல் வைத்தால் திரவமாகத்தான் இருக்கும்.)

கால்சியத்துக்குப் பக்கத்தில் விட்ட இடத்துக்கு 1879ல் ஸ்வீடனைச் சேர்ந்த நில்சன் ஸ்காண்டியத்தைக் கொண்டுவந்தார். நிறை 45. இன்றைய படத்தில் அது அலுமினியத்துக்கு நேர் கீழே இருக்காது, காரணம் படி 6ல் வரும்.

மெண்டலீஃபின் கணிப்பு எல்லாம் பலித்தது என்று சிலர் எழுதுகிறார்கள், அது உண்மையில்லை. பிற்காலத்தில் ஹைட்ரஜனைவிட இலேசான தனிமங்கள்கூட உண்டு என்று அவர் நம்பினார். அப்படி எதுவும் இல்லை. லோதர் மேயரையும் மறந்துவிடக் கூடாது. 1864லேயே 28 தனிமங்களை இணைதிறன்படி அடுக்கியவர் அவர். 1882ல் லண்டன் ராயல் சொசைட்டி தன் டேவி பதக்கத்தை மெண்டலீஃபுக்கும் மேயருக்கும் சேர்த்தே கொடுத்தது. கேலிக்கு ஆளான நியூலண்ட்ஸுக்கும் 1887ல் அதே பதக்கம் கிடைத்தது.

படி 4: நிறையை அழித்துவிட்டு எண் போடுங்கள்

டெல்லூரியத்தின் நிறை 127.6, அயோடினின் நிறை 126.9. நிறைப்படி வைத்தால் அயோடின் முதலில் வந்து செலீனியத்தின் கீழே நிற்கும், டெல்லூரியம் புரோமினின் கீழே போகும். இரண்டையும் கையாண்டவர்கள் யாரும் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அயோடின் குணத்தில் அச்சு அசல் குளோரின், புரோமின் வகையறா. மெண்டலீஃப் இரண்டையும் இடம் மாற்றி வைத்துவிட்டு, டெல்லூரியத்தின் நிறையை யாரோ தப்பாக அளந்திருக்கிறார்கள் என்றார். மாற்றி வைத்தது சரி, சொன்ன காரணம் தவறு. அளவு சரியாகவே இருந்தது.

விடை கிடைத்தது 1913ல். ஹென்றி மோஸ்லி என்ற ஆங்கிலேய இளைஞர் ஒவ்வொரு தனிமத்திலிருந்தும் கிளம்பும் எக்ஸ் கதிரின் அதிர்வெண்ணை அளந்தார். அதிர்வெண்ணின் வர்க்கமூலத்தை எடுத்தால் ஒரு தனிமத்திலிருந்து அடுத்ததற்கு ஒரே சீரான படியாக ஏறியது. ஒவ்வொரு படிக்கும் ஒரு முழு எண். அதுதான் அணு எண், உட்கருவில் உள்ள புரோட்டான்களின் எண்ணிக்கை. டெல்லூரியத்துக்கு 52, அயோடினுக்கு 53. டெல்லூரியம் கனமாக இருப்பதற்குக் காரணம் அதன் ஐசோடோப்புகளில் (புரோட்டான் எண்ணிக்கை ஒன்றாகவும் நியூட்ரான் எண்ணிக்கை வேறாகவும் உள்ள அணு வகைகள்) நியூட்ரான் அதிகம் என்பது மட்டுமே.

எண்கள் வந்தபின் வெற்றிடம் எங்கே இருக்கிறது என்று ஊகிக்க வேண்டியதில்லை. 43, 61, 75 ஆகியவை விட்டுப்போயிருக்கின்றன என்று மோஸ்லியின் அளவுகள் காட்டின. 75 ரீனியம், 1925ல் கிடைத்தது. 43 டெக்னீசியம், 1937ல். 61 புரோமீத்தியம், 1945ல். மோஸ்லி எதையும் பார்க்கவில்லை. முதல் உலகப் போரில், 1915 ஆகஸ்டில், கலிப்போலியில் சுடப்பட்டு இறந்தார். வயது 27.

உங்கள் சீட்டுகளில் நிறையை அழித்துவிட்டு லித்தியத்துக்கு 3 என்று தொடங்கி எண் போடுங்கள். ஃப்ளூரின் 9 வரை தடையில்லை. சோடியத்துக்கு 10 என்று எழுதப் போவீர்கள், ஆனால் அதன் உண்மையான எண் 11. ஒன்று குறைகிறது.

படி 5: பூஜ்யத் தூண்

இணைதிறன் வரிசையை மறுபடி பாருங்கள். 4, 3, 2, 1 என்று இறங்கி வந்து, உடனே 1 என்று ஏறுகிறது. நடுவில் 0 இருந்தால்தானே முழுமை? எதனோடும் சேராத தனிமம். சேராது என்பதாலேயே அது யார் கண்ணிலும் படவில்லை.

காற்றிலிருந்து பிரித்த நைட்ரஜன் லிட்டருக்கு 1.257 கிராம், ரசாயனப் பொருளிலிருந்து எடுத்த நைட்ரஜன் 1.251 கிராம். இந்த அற்ப வித்தியாசத்தை ரேலி பிரபு விடாமல் துரத்தினார். வில்லியம் ராம்சேயும் சேர்ந்துகொள்ள, 1894ல் ஆர்கான் அகப்பட்டது. நாம் சுவாசிக்கும் காற்றில் நூற்றில் ஏறக்குறைய ஒரு பங்கு அது. 1898ல் ராம்சேயும் டிராவர்ஸும் நியான், கிரிப்டான், செனான் மூன்றையும் ஒரே ஆண்டில் பிடித்தார்கள்.

ஹீலியத்தின் கதை நம் பக்கமும் கொஞ்சம் வருகிறது. 1868 ஆகஸ்ட் 18 அன்று முழுச் சூரிய கிரகணம். அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த குண்டூரில் பிரெஞ்சு வானியலாளர் ஜான்சனும், மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வகத்தின் போக்சனும் ஒளியை நிறங்களாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைமானியோடு காத்திருந்தார்கள். சூரிய ஒளியில் தெரிந்த ஒரு மஞ்சள் கோடு எந்தத் தனிமத்தோடும் பொருந்தவில்லை. அதே ஆண்டில் இங்கிலாந்தில் லாக்யர் அதை ஆராய்ந்து, புதிய தனிமம் என்ற முடிவுக்கு வந்தார். பூமியில் அதைப் பிடித்தவரும் ராம்சேதான், 1895ல், ஒரு யுரேனியத் தாதுவிலிருந்து.

வலது ஓரத்தில் ஒரு தூண் சேர்த்து நியானையும் (10) ஆர்கானையும் (18) வையுங்கள். எண்கள் இப்போது சரியாக ஓடும். இவைதான் மந்த வாயுக்கள்.

படி 6: இனி படத்தைத் திறக்கலாம்

ஏழு தொடர்கள், பதினெட்டுத் தொகுதிகள். தொடர்களின் நீளம் 2, 8, 8, 18, 18, 32, 32. கூட்டினால் 118. ஏன் இந்த எண்கள்? எலக்ட்ரான்கள் உட்கருவைச் சுற்றி உள்கூடுகள் என்ற பகுதிகளில் நிரம்புகின்றன. எஸ் கூட்டில் 2, பி கூட்டில் 6, டி கூட்டில் 10, எஃப் கூட்டில் 14 எலக்ட்ரான்கள் கொள்ளும். இரண்டாம், மூன்றாம் தொடர்களில் எஸ், பி மட்டும், ஆக 8. நான்காவதில் டி சேர்கிறது, 18. ஆறாவதில் எஃப் சேர்கிறது, 32. நாம் ஒதுக்கி வைத்த இரும்பு, செம்பு வகையறாதான் அந்தப் பத்து. அவை நடுவில் நுழைந்ததால் ஸ்காண்டியம் 3ஆம் தொகுதிக்கும் அலுமினியம் 13ஆம் தொகுதிக்கும் போய்விட்டன.

கீழே தனியாகக் கிடக்கும் இரண்டு வரிசைகள் உண்மையில் ஆறாம், ஏழாம் தொடர்களின் நடுப்பகுதி. தாளின் அகலம் போதாமல் கீழே வெட்டி வைத்திருக்கிறார்கள். மேலே இருப்பவை லாந்தனைடுகள். இவை ஒன்றுக்கொன்று மிகவும் ஒத்தவை, அதனால் இயற்கையிலும் சேர்ந்தே கிடக்கும். கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் உள்ள மோனசைட்டில் சீரியம், லாந்தனம், நியோடிமியம் எல்லாம் கலந்திருக்கின்றன, கூடவே கீழ் வரிசையின் தோரியமும். அந்தக் கீழ் வரிசையை ஆக்டினைடுகள் என்று தனியே பிரித்தவர் அமெரிக்கரான கிளென் சீபோர்க், 1940களில். அதற்கு முன் தோரியமும் யுரேனியமும் நடுப்பகுதி உலோகங்களோடு நின்றன.

குணங்களுக்கு இரண்டு திசைகள் நினைவிருந்தால் போதும். தொகுதியில் கீழே போகப் போக அணு பெரிதாகும், வெளி எலக்ட்ரானைச் சுலபமாக விட்டுவிடும். தொடரில் வலப்பக்கம் போகப் போக அணு சிறிதாகும், எலக்ட்ரானை இறுக்கிப் பிடிக்கும். அதனால்தான் பொட்டாசியம் தண்ணீரில் சோடியத்தைவிட ஆவேசமாக எரிகிறது, ஃப்ளூரின் குளோரினைவிட முரட்டுத்தனமாக வினைபுரிகிறது. உலோகக் குணமும் அலோகக் குணமும் சந்திக்கும் படிக்கட்டுக் கோட்டில் சிலிக்கான், ஜெர்மானியம், ஆர்சனிக் போன்ற உலோகப்போலிகள்.

சுவர்ப் படம் வாங்குவதாக இருந்தால் கடைசி வரிசையைப் பார்த்து வாங்குங்கள். 113 நிஹோனியம், 115 மாஸ்கோவியம், 117 டென்னஸின், 118 ஓகனேசான் என்று இருக்க வேண்டும். இந்த நான்கு பெயர்களும் 2016ல் முடிவானவை. தொகுதிகளுக்கு 1 முதல் 18 வரை எண் இல்லாமல் ரோமன் எண்களும் ஏ, பி எழுத்துகளும் மட்டும் இருந்தால் அது பழைய முறை, குழப்பும்.

படி 7: எண்ணைச் சொன்னால் இடத்தைச் சொல்வது

மந்த வாயுக்களின் எண்களை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள்: 2, 10, 18, 36, 54, 86, 118. கொடுத்த அணு எண்ணிலிருந்து அதற்கு முந்தைய மந்த வாயுவின் எண்ணைக் கழியுங்கள். தனிமம் அந்த வாயுவுக்கு அடுத்த தொடரில் இருக்கும். மீதி 1 அல்லது 2 என்றால் எந்தத் தொடரிலும் அதுவே தொகுதி எண். மற்றபடி:

இரண்டாம், மூன்றாம் தொடர்களில் மீதியோடு 10ஐக் கூட்டுங்கள். குளோரின் 17: பத்தைக் கழித்தால் 7, கூட்டினால் 17ஆம் தொகுதி.

நான்காம், ஐந்தாம் தொடர்களில் மீதியே தொகுதி. இரும்பு 26: 18 போக 8.

ஆறாம், ஏழாம் தொடர்களில் மீதி 3 முதல் 16 வரை என்றால் கீழே உள்ள தனி வரிசை. அதற்கு மேல் என்றால் 14ஐக் கழியுங்கள். தங்கம் 79: 54 போக 25, அதில் 14 போக 11. செம்பு, வெள்ளி இருக்கும் அதே தொகுதி. யுரேனியம் 92: 86 போக 6, கீழ் வரிசை. மீதி 17 வரும் லுட்டீசியத்தை (71) மட்டும் சில படங்களில் 3ஆம் தொகுதியிலும் சிலவற்றில் கீழ் வரிசையின் கடைசியிலும் பார்ப்பீர்கள். அங்கே லாந்தனம் வர வேண்டுமா லுட்டீசியமா என்று நிபுணர்களே இன்னும் விவாதிக்கிறார்கள்.

119ஐ இதுவரை யாரும் உருவாக்கவில்லை, ஆய்வகங்கள் முயன்றுகொண்டிருக்கின்றன. கழித்துப் பார்த்தால் மீதி 1, அதாவது எட்டாம் தொடர், முதல் தொகுதி, ஃபிரான்சியத்தின் கீழே. இடம் இவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடலாம், குணத்தைச் சொல்ல முடியாது. இவ்வளவு கனமான அணுக்களில் உள் எலக்ட்ரான்களின் வேகம் ஒளியின் வேகத்தை நெருங்குவதால் கணக்குகள் மாறிவிடுகின்றன. மந்த வாயுத் தூணில் இருக்கும் ஓகனேசானே சாதாரண வெப்பநிலையில் வாயுவாக இருக்காது, திண்மமாக இருக்கலாம் என்று கணக்கீடுகள் சொல்கின்றன. சோதித்துப் பார்க்க வழியில்லை. இதுவரை உண்டாக்கியது விரல் விட்டு எண்ணும் அளவுக்குச் சில அணுக்கள், அவையும் ஒரு நொடியின் ஆயிரத்தில் சில பங்குகளுக்குள் சிதைந்துவிட்டன.